முள்ளங்கி, பீட்ரூட், கேரட்: மார்கழி மாடியில் முதலில் எதை விதைப்பது?

டிசம்பர் வந்தால் புதிதாக மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு வரும் முதல் ஆசை கேரட். நானும் அதில்தான் தொடங்கினேன். திருச்சியில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு பை நிறையக் கேரட். மூன்று மாதம் காத்திருந்து பிடுங்கினால், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கைப்பிடி. பாதிக்குக் கால் வேறு பிரிந்திருந்தது. "சாம்பாருக்குப் போடவா, படம் எடுத்து வைக்கவா?" என்று அம்மா கேட்டார்கள். அதற்கடுத்த வருடங்களில் முள்ளங்கி, பீட்ரூட், கேரட் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்துப் பார்த்த பிறகுதான் தப்பு எங்கே என்று புரிந்தது. கையிலோ மண்ணிலோ இல்லை, நாள்கணக்கில்.

சமவெளியில் நமக்குக் குளிர் என்று கிடைப்பதே வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்கும் மாசி வெயில் ஏறுவதற்கும் இடையில் கொஞ்ச நாள்தான். அப்போதும் பகல் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் 20 பக்கம் இறங்கும். மூன்றையும் டிசம்பர் 5 அன்று விதைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கிக்கு ஏறக்குறைய 45 நாள், பொங்கல் முடிந்த கையோடு பிடுங்கிவிடலாம். பீட்ரூட்டுக்கு 70 நாள், மாசி பிறக்கும்போது எடுக்கலாம். கேரட்டுக்கு 100 நாள் என்றால் பங்குனி வந்துவிடும். கேரட் நன்றாகப் பருத்து நிறம் ஏற 16 முதல் 20 டிகிரி வரை வேண்டும். நாமோ அந்த நேரத்தில் அதை மார்ச் மாதத்து மொட்டைமாடியில் காயவிடுகிறோம். வெளிறிக் குட்டையாக வராமல் வேறு எப்படி வரும்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது பெயர் வாங்கிக் கொடுத்தது சும்மா இல்லை.

சரி, ஐப்பசியிலேயே விதைத்துவிட்டால் என்ன? விதைக்கலாம். ஆனால் கேரட் விதை பஞ்சு மாதிரி லேசு. ஒரு நல்ல மழை அடித்தால் எல்லாம் பையின் ஓரத்தில் ஒதுங்கிவிடும். மழைக்குத் தப்பினாலும், முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை மேல்மண் ஒருநாள்கூடக் காயக்கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, தினமும் தூக்கிப் பார்த்து, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுக்க வேண்டும். அலுவலகம் போய் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராத வேலை. முளைத்த நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டாலும் வேர் கோணிவிடும். மண்ணில் சின்னக் கல், மட்காத எரு எது இருந்தாலும் கால் பிரியும்.

முள்ளங்கிக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. மூன்றாம் நான்காம் நாளே முளைத்து நிற்கும். 12 அங்குல ஆழமுள்ள பையில் விரல்கடை ஆழத்தில் விதைத்து, பிறகு ஐந்து செடி மட்டும் விட்டால் போதும். பூசா சேத்கி போன்ற ரகங்கள் நம்முடைய வெயிலையும் தாங்கும். இலையில் அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடித்தால் கட்டுப்படும். அதன் குறை அவசரம்தான். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் உள்ளே நெட்டி மாதிரி சக்கையாகி, பூத்தண்டும் எழும்பியிருக்கும். இன்னொன்று, எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் முற்றும். வாரம் முழுக்க முள்ளங்கி சாம்பார் என்றால் வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? பத்து நாளுக்கு ஒரு பை என்று பிரித்து விதைக்க வேண்டும்.

பீட்ரூட்டைத்தான் நான் புதியவர்களுக்குக் கை காட்டுவேன், இத்தனைக்கும் எனக்கு அதன் பொரியல் அவ்வளவாகப் பிடிக்காது. நம் உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளே பயிர் செய்வதுதான், மலைக்குப் போக வேண்டியதில்லை. அதன் விதை என்று நாம் வாங்குவது உண்மையில் ஒரு கொத்து, சொரசொரப்பான உருண்டை. ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாற்று வரும். ராத்திரி ஊறவைத்து விதைத்தால் ஒரு வாரத்துக்குள் எழும். "நான் ஒன்றுதானே போட்டேன்" என்று குழம்பாமல், கொத்தில் ஒன்றை விட்டு மற்றதைக் கலைக்க வேண்டும். இங்கேதான் பலர் மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் எல்லாம் நெல்லிக்காய் அளவில் நிற்கும். கலைத்த நாற்றை வீணாக்க வேண்டாம். சிறியதாக இருக்கும்போதே மாலை வேளையில் வேறு பையில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். கேரட்டில் இதெல்லாம் நடக்காது.

கிழங்கு பாதி மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு வளர்வதால், பருமனைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். டென்னிஸ் பந்து அளவுக்கு வந்ததும் எடுக்கலாம். ஒரு வாரம் தாமதமானாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. நடுவில் செடிக்கு இரண்டு இலை கிள்ளினால் பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். மொத்தமாகக் கிள்ளிவிட்டால் மட்டும் கிழங்கு சிறுத்துவிடும். வெயில் ஏறிய பிறகு எடுத்த கிழங்கை வெட்டினால் உள்ளே வெள்ளை வளையம் தெரியும். பயப்பட வேண்டாம், சாப்பிடலாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு தப்பு: இலையை வளர்க்கும் தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவது. எரு அதிகம், மேலே வாரா வாரம் மீனும் வெல்லமும் புளிக்கவைத்த மீன் அமிலம் என்று ஊற்றினால் இலை காடு மாதிரி வரும், அடியில் ஒன்றும் இருக்காது. செம்மண், மணல், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), நன்றாக மட்கிய எரு இவற்றைக் கலந்து பொலபொலவென்று வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. வெயில் ஆறு மணி நேரமாவது பட வேண்டும்.

சிறுகிழங்கு ஏன் இல்லை என்று நெல்லைக்காரர்கள் கேட்பார்கள். அதை ஆடி ஆவணியிலேயே நட்டிருக்க வேண்டும், இப்போது சந்தையில் வாங்கிச் சாப்பிடுங்கள்.

எட்டுப் பை இருக்கிறது என்றால் நான் நான்கில் பீட்ரூட், மூன்றில் தவணை முறையில் முள்ளங்கி போடுவேன். எட்டாவதில் கேரட். ஆசை யாரை விட்டது? அந்தப் பையில் கேரட் விதையை மணலோடு கலந்து கோடாகத் தூவி, அதே கோட்டில் அரையடிக்கு ஒரு முள்ளங்கி விதை. கேரட் முளைக்குமுன் முள்ளங்கி வந்து கோடு எங்கே என்று காட்டிவிடும். கேரட்டுக்கு இடம் தேவைப்படும் நேரத்தில் முள்ளங்கி குழம்புக்குப் போயிருக்கும்.