நுவரெலியாக் குளிருக்கு எந்த டீசல்? சூப்பர் டீசல், ஓட்டோ டீசல், போத்தல் மருந்து

தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வான் பிடித்து நுவரெலியா போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, குளிருக்கு விலை கூடின சூப்பர் டீசல்தான் அடிக்க வேணுமா என்பது. நான் சூப்பரும் ஓட்டோ டீசலும் இரண்டும் அடித்து ஓடியிருக்கிறேன், குளிரில் டீசல் திரளாமல் இருக்க டாங்கில் கலக்கவென்று விற்கிற போத்தல் மருந்தும் ஊற்றிப் பார்த்தாயிற்று. குளிருக்காக மட்டும் என்றால் சாதாரண ஓட்டோ டீசலே போதும்.

டீசலில் மெழுகு கரைந்திருக்கும். குளிர் கூடக் கூட அது தேங்காயெண்ணெய் மாதிரித் திரண்டு பில்டரை அடைத்துவிடும். அதனால்தான் ஜேர்மனியில் நவம்பர் நடுவில் இருந்து பெப்ரவரி முடியும் வரை மைனஸ் 20 பாகை தாங்கும் குளிர்கால டீசல் விற்கிறார்கள். குளிருக்குத் தனி டீசல் வேணும் என்று அங்கே இருக்கிற சித்தப்பாமார் போனில் சொல்வது அந்த நாட்டுக்குச் சரி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், விடியப்புறம் புல்லில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு, ஆனால் அங்கத்தைய பஸ்களும் மரக்கறி லொறிகளும் வருடம் முழுக்க ஓடுவது இதே ஓட்டோ டீசலில்தான்.

போத்தல் மருந்துக்குக் கொடுக்கிற காசு வீண். அது மெழுகு திரள முதலே ஊற்ற வேண்டிய சாமான், இந்த நாட்டில் அதற்கு வேலையே இல்லை.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர், அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஆனால் அது பெற்றோல் எஞ்சின், வேறு வழியும் இருக்கவில்லை. டீசல் பம்பு தேயாமல் இருப்பதே டீசலின் வழுவழுப்பால், மண்ணெண்ணெயில் அது குறைவு. கொமன் ரெயில் வண்டிக்கு (டீசலை மிகுந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாய் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கிற புதுவகை எஞ்சின்) தயவுசெய்து ஊற்றாதீர்கள், பம்பும் இன்ஜெக்டரும் மாற்றுகிற செலவு தாங்காது.

மலையில் காலையில் ஸ்டார்ட் வராவிட்டால் முதலில் ஹீட்டர் பிளக்கையும் பற்றரியையும் பாருங்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை, அமுங்கின காற்றின் சூட்டில்தான் எண்ணெய் பற்றும், குளிரில் அந்தச் சூடு காணாது, அதைக் கூட்டிக் கொடுப்பதுதான் ஹீட்டர் பிளக். அப்புறம் தண்ணீர். வழியில் ஒரு எண்ணெய்ச் செட்டில் டீசல் அடித்த பிறகு எங்கள் வான் இழுக்காமல் திணறியது. பில்டருக்குக் கீழே இருக்கிற திருகைத் தளர்த்தி வெறும் சோடாப் போத்தலில் பிடித்தால், மேலே மஞ்சளாக டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர், நடுவில் கோடு கீறினது போலப் பிரிந்து நின்றது. தண்ணீர் பாரம் கூட, அடியில்தான் தங்கும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டுத் திருகை இறுக்கியதும் வான் பழையபடி ஓடியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு பிளாஸ்டிக் கானில் டீசல் சேர்த்து வைக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, அதிலும் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், அந்த எண்ணெயை மலைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, சூப்பர் டீசல் வீணா என்றால் இல்லை. கந்தகம் குறைவு, றம்பொடை ஏற்றத்தில் புகை குறைந்ததைப் பின்னால் வந்தவர்களே சொன்னார்கள். புது கொமன் ரெயில் வண்டிக்கு விலை கூடினாலும் அதையே அடிப்பேன். பழைய வானுக்கு அந்தக் காசில் ஹீட்டர் பிளக்கும் பில்டரும் மாற்றலாம்.

எதை அடித்தாலும், நுவரெலியாவில் இரவு நிறுத்த முதல் டாங்கை நிரப்பிவிடுங்கள். அரை டாங்கோடு விட்டால் குளிரில் உள்ளே ஈரம் படிந்து அதுவும் தண்ணீராகத்தான் இறங்கும்.