தங்க கேஸ் உருக்குக்குப் போகிறது: பழைய வாட்ச் மிஷினுக்கு எந்த வழி நல்லது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பாகப்பிரிவினைக்காகப் பெட்டகம் திறக்கும்போது தங்க பாக்கெட் வாட்ச் ஒன்று வெளிவருவது அதிசயமில்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் வாங்கி வந்தவை அவை. நாலு பேருக்கு ஒரு வாட்சைப் பங்கிட முடியாது, தங்கத்தைப் பங்கிடலாம். அதனால் கேஸ், அதாவது வாட்சின் தங்கக் கூடு, பட்டறைக்குப் போகிறது. உள்ளே ஓடும் மிஷின் ஒரு காகிதப் பொட்டலத்தில் திரும்பி வருகிறது, அல்லது வராமலே போகிறது.

கேஸைக் காப்பாற்ற வழியில்லை என்று முடிவான பிறகு மிஷினுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: அதே காலத்து நிக்கல் கேஸில் ஏற்றுவது, புது ஸ்டீல் கேஸில் போட்டுக் கைக்கடிகாரமாக்குவது, கண்ணாடிக்குள் ஓடவிடுவது, உதிரிபாகத்துக்குக் கொடுப்பது. எது சரி என்பதை மிஷின் அமெரிக்கத் தயாரிப்பா ஸ்விஸ் தயாரிப்பா, என்ன அளவு என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அந்த முடிவைக் கேஸ் பட்டறைப் படி ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். மிஷினுக்குத் தேவையான சில சின்னப் பாகங்கள் கேஸுக்குள்தான் இருக்கின்றன.

முதலில் தங்கக் கணக்கு

வாட்சை அப்படியே தராசில் வைத்தால் வருவது தங்கத்தின் எடை அல்ல. மிஷின், கண்ணாடி, மூடியைத் தூக்கும் எஃகு ஸ்பிரிங், கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் குழலான ஸ்லீவ் எல்லாம் கழிய வேண்டும். ஸ்விஸ் வாட்சுகளில் உள்மூடி பல நேரம் முலாம் பூசிய பித்தளைதான். 'மெட்டல்' என்று அதிலேயே பொறித்திருக்கும். நிகர எடை 40 கிராம், 14 காரட் என்று வைத்துக்கொண்டால் 40 × 0.585 = 23.4 கிராம் சுத்தத் தங்கம். 22 காரட் நகையாகக் கணக்கிட்டால் சுமார் 25.5 கிராம், அதாவது மூன்று பவுனுக்குச் சற்று மேல். ஸ்விஸ் கேஸில் அணில் முத்திரை இருந்தால் 14 காரட், ஹெல்வெட்டியா பெண் தலை இருந்தால் 18 காரட்.

அமெரிக்க கேஸில் 'கேரன்டீட் 20 இயர்ஸ்', '25 இயர்ஸ்' என்று இருந்தால் அது முழுத் தங்கம் அல்ல. பித்தளையின் மேல் தங்கத் தகடு ஒட்டிய கோல்டு ஃபில்டு. உரைகல்லில் உரசினால் மேல்தகடுதான் பேசும், டச் மெஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கும். கீல் ஓரத்திலும் வளையத்தின் உள்பக்கத்திலும் தேய்ந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் மஞ்சள் பித்தளை தெரிந்துவிடும். இதை உருக்கினால் தேறும் தங்கம் மிகக் கொஞ்சம். முழு வாட்சாகக் கொடுப்பதே மேல். பக்கவாட்டு நெம்பைத் தள்ளினால் மணி அடிக்கும் ரிப்பீட்டர், க்ரோனோகிராஃப், படேக் ஃபிலிப், வாஷரான் கான்ஸ்டான்டின் போன்ற பெயர் பொறித்தவை ஆகியவற்றை உருக்கவே கூடாது. இவற்றுக்குப் பெரும்பாலும் முழு வாட்சின் விலையே பெரிது.

பட்டறைக்கு அனுப்பும் முன் பிரிப்பது

பிரிக்கும் வேலையை வாட்ச் ரிப்பேர் தெரிந்தவர் செய்ய வேண்டும், பொற்கொல்லர் அல்ல. கேஸை வாளால் அறுத்தால் தங்கத் தூளும் இரும்புத் தூளும் பல் சக்கரங்களுக்குள் இறங்கும். அதைவிட மோசமானது அமில ஆவி. நைட்ரிக் அமிலமும் ராஜதிராவகமும் பயன்படுத்தும் அறையில் மிஷினை ஒரே ஒரு இரவு திறந்து வைத்தாலும் எஃகுப் பாகங்களில் துரு பூக்கும். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டிவைக்கும் முடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கில் துரு ஏறிவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது அநேகமாக முடியாத காரியம்.

முதல் வேலை மிஷினை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவி கொடுக்கும் குமிழான கிரவுனை விரலால் இறுகப் பிடித்து, ஸ்பிரிங் திரும்பச் சுழலாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கைப் பின்னுக்குத் தள்ளி, கிரவுனை விரலிடுக்கில் மெல்ல நழுவவிட வேண்டும். திடீரென விட்டால் கிளிக் ஒடியும், சக்கரப் பல் போகும்.

கிரவுனை மிஷினோடு இணைக்கும் தண்டுதான் ஸ்டெம். ஸ்விஸ் மிஷினில் அதைப் பிடித்திருக்கும் செட் லீவரின் ஸ்க்ரூவை ஒரு சுற்று மட்டும் தளர்த்தினால் ஸ்டெம் கையோடு வந்துவிடும். அதிகமாகக் கழற்றினால் லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும். பிறகு முள்ளையும் டயலையும் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. கேஸ் ஸ்க்ரூ இரண்டையும் எடுத்து மிஷினை வெளியே எடுத்தபின், ஸ்டெம்மைத் திரும்பச் செருகி ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். கிரவுனோடு சேர்ந்த அந்த ஸ்டெம் தொலைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கிரவுன் தங்கமாக இருந்தாலும் அதில் இருக்கும் தங்கம் சொற்பம், அதை விட்டுக்கொடுக்கலாம்.

அமெரிக்க வால்தம், எல்ஜின் மிஷின்களில் நிலைமை வேறு. ஸ்டெம் மிஷினில் இருக்காது, கேஸின் கழுத்திலேயே தங்கிவிடும். அதைப் பிடித்திருப்பது கழுத்துக்குள் மரையிட்டு ஏற்றிய ஸ்லீவ். கிரவுனை வெளியே இழுத்து, இரண்டு கேஸ் ஸ்க்ரூவையும் திருப்பினால் மிஷின் முன்பக்கமாக வந்துவிடும். அதன்பின் ஸ்லீவ் சாவியால் ஸ்லீவையும் ஸ்டெம்மையும் கழற்றி எடுத்துக்கொண்டே கேஸைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறவிடுவதால்தான் நல்ல மிஷின்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கிரவுனை இழுத்து நேரம் வைக்கும் அமெரிக்க மிஷின் கேஸிலிருந்து வந்ததும் தானாகவே நேரம் வைக்கும் நிலைக்குப் போய்விடும். சாவி ஏறாது, முள்சக்கரம் கோத்துக்கொண்டு ஓட்டமும் மந்தமாகும். பழுது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சரியான அளவுச் சதுர முனைச் சாவியைத் துளையில் அழுத்தியதும் சாவி ஏறும் நிலைக்கு வந்துவிடும்.

நிக்கல் கேஸா, ஸ்டீல் கைக்கடிகாரமா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அந்தக் கால அமெரிக்காவில் மிஷினும் கேஸும் தனித்தனியாக விற்பனையாயின. கடைக்கு வந்தவர் மிஷினைத் தேர்ந்துகொண்டு, கையிலிருந்த காசுக்கு ஏற்ப நிக்கலோ வெள்ளியோ தங்கமோ கேஸ் போட்டுக்கொண்டார். இதற்காகவே அளவுகள் நிலைப்படுத்தப்பட்டன: 12 சைஸ் 39.79 மி.மீ., 16 சைஸ் 43.18 மி.மீ., 18 சைஸ் 44.87 மி.மீ. ஆகவே தங்க கேஸ் போன 16 சைஸ் எல்ஜினை அதே காலத்து நிக்கல் கேஸில் ஏற்றுவது பொய் வேலை ஆகாது. அந்த மிஷின் பிறந்தபோதே அதற்கு இருந்த வழக்கம் அது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் மிஷின் செத்த நிக்கல் வாட்ச் கண்ணில் பட்டால், அதை கேஸுக்காகவே வாங்கலாம்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, மூடி போட்ட ஹன்டர் மிஷினில் கிரவுன் 3 மணிக்கு நேரே இருக்கும், திறந்த முகத்து மிஷினில் 12 மணிக்கு நேரே. ஹன்டர் மிஷினைத் திறந்த முகக் கேஸில் போட்டால் சங்கிலி வளையம் 3 மணிப் பக்கம் போய்விடும். ஓட்டத்துக்குக் கேடில்லை, கையில் எடுத்துப் பார்க்கும்போது சாய்ந்து தெரியும். இரண்டு, ஸ்லீவின் உயரம். நேரம் வைத்தபின் கிரவுனை அழுத்தியும் சாவி ஏறவில்லை என்றால் ஸ்லீவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஸ்டெம்மை அராவிக் குறைப்பது தவறு.

ஸ்விஸ் மிஷினுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே கேஸ் அந்தந்த மிஷினுக்காகச் செய்யப்பட்டது. ஸ்டெம் உயரம், டயல் இருக்கை எல்லாம் ஒன்றுக்கொன்று மாறும். 19 லைன், அதாவது சுமார் 42.9 மி.மீ., என்று அளவு ஒத்தாலும் ஸ்டெம் துளை அரை மி.மீ. விலகினால் கிரவுன் உரசிக்கொண்டே சுற்றும். அதே காலிபரின், அதாவது அதே மிஷின் மாடலின், ஸ்டீல் கேஸ் கிடைத்தால் மட்டும் இறங்கலாம். 1939-இல் வந்த 30 மி.மீ. ஒமேகா குடும்பம் இதற்கு நல்ல உதாரணம்: தங்கத்திலும் ஸ்டீலிலும் நிறைய வந்தது, கேஸ் தேடினால் கிடைக்கும். அதிலும் நடு விநாடி முள் உள்ள மிஷின் உயரம் கூடியது. தனிச் சின்ன வட்ட விநாடிக்கான கேஸில் அதை ஏற்றினால் முள் கண்ணாடியில் இடிக்கும்.

இப்போது பாக்கெட் மிஷினைக் கைக்கடிகாரமாக்கும் வழி. பலரும் விரும்பிக் கேட்பது இதைத்தான், நாங்கள் கடைசியாக வைப்பதும் இதைத்தான். சந்தையில் எளிதில் கிடைக்கும் பெரிய ஸ்டீல் கேஸ்கள் அதிகமும் 36.6 மி.மீ. விட்டமுள்ள ஈடிஏ 6497, 6498 என்ற ஸ்விஸ் மிஷின்களுக்காகச் செய்தவை. 43 மி.மீ. பாக்கெட் மிஷினுக்கு 48, 50 மி.மீ. கேஸ் வேண்டும், தடிமனும் கூடும். திறந்த முகத்து மிஷினைக் கிரவுன் 3 மணிக்கு வரும்படி திருப்பினால் விநாடி வட்டம் 6-இலிருந்து 9-க்குப் போகும், பழைய டயல் உதவாது. அதனால்தான் இந்த வேலை செய்பவர்கள் அசல் எனாமல் டயலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக அச்சடித்ததைப் போடுகிறார்கள். இது மிஷினைக் காப்பாற்றுவது அல்ல, பாதியைக் காப்பாற்றி மீதியைக் கொல்வது.

அதற்கு மேல் அதிர்ச்சி. பாக்கெட் மிஷினின் பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு, முனை மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இன்கபிளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கி அதில் இல்லை. சட்டைப் பையில் தொங்கிக் கிடக்க வடிவமைத்ததைக் கையில் கட்டிக் கதவில் ஒரு தரம் இடித்தால் போதும், முனை ஒடியும். புது ஸ்டாஃப் கடைந்து போடத் தெரிந்தவர் எங்கே என்று தேடும் வேலையும் சேர்ந்துவிடும். ஹன்டர் மிஷின், அசல் டயல், சரியான அளவுக் கேஸ் மூன்றும் ஒன்று சேர்ந்தால் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்; அப்போதும் விசேஷத்துக்குக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்குள் ஓடுவது

கேஸ் கிடைக்காத ஸ்விஸ் பாக்கெட் மிஷினுக்கு இதுவே எங்கள் தேர்வு. அசல் டயலும் முள்ளும் அப்படியே நிற்கும், பின்பக்க வேலைப்பாடும் தெரியும், எதையும் வெட்டவோ அராவவோ வேண்டாம். மிஷின் விட்டத்துக்குப் பித்தளை வளையம் ஒன்று கடைந்து, பழைய கேஸ் ஸ்க்ரூ இரண்டாலேயே பிடித்து, இறுக்கமாக மூடும் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தலாம். அமெரிக்க மிஷினானால் வளையத்திலேயே ஸ்லீவுக்கு மரை போட வேண்டும். இல்லையென்றால் அது நேரம் வைக்கும் நிலையிலேயே நிற்கும்.

இங்கே எதிரி செம்மண் தூசி. கூண்டின் அடிவிளிம்பில் இடைவெளி விட்டால் ஒரே கோடையில் எண்ணெயோடு குழைந்து அரைக்கும் பசையாகிவிடும். ஸ்பீக்கர், யுபிஎஸ் பக்கத்தில் வைக்காதீர்கள். நீலம் ஏற்றிய எஃகு ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் முந்தும். தினமும் ஓட்ட வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை போதும்.

எந்த வழியானாலும் ஓட்டும் முன் சர்வீஸ் கட்டாயம். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் முனைகள் தேயும். பெட்ரோலில் முக்கி எடுப்பது படலம் விடும். சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடவே கூடாது. அவற்றின் கற்களைப் பிடித்திருக்கும் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். எண்ணெய், கிரீஸ் விஷயத்தில் வேகமான முனைகளுக்கு மோபியஸ் 9010, மெதுவானவற்றுக்கு டி5, மெயின்ஸ்பிரிங்குக்கு 8200, பேலட் கற்களுக்கு 9415. இருளில் ஒளிர்ந்த பழைய டயலில் இருப்பது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வு செத்துப்போயிருந்தாலும் கதிரியக்கம் போகாது; ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

உதிரிக்கு எப்போது

பேலன்ஸ் அசையாமல் இருப்பது மட்டும் காரணமாகாது. ஹேர் ஸ்பிரிங் துருப்பிடித்து, ஸ்டாஃபும் ஒடிந்து, 7 ஜுவல் (தேய்மானம் தடுக்கும் கல்) மட்டுமே உள்ள சாதா மிஷினாகவும் இருந்தால் உதிரிக்குக் கொடுக்கலாம். ஸ்டெம், கிளிக் ஸ்பிரிங், செட் லீவர், முள், டயல் எல்லாம் இன்னொரு வாட்சை எழுப்பும். கொடுக்கும்போது பிரிக்காமல் முழு மிஷினாகவே கொடுங்கள். பாகங்கள் கலந்துவிட்டால் எந்தக் காலிபர் என்று சொல்ல யாராலும் முடியாது. 21, 23 ஜுவல் அமெரிக்க மிஷினை எந்த நிலையிலும் உதிரியாக்க வேண்டாம்.

பெண்களின் தங்க வளையல் வாட்சிலிருந்து வரும் சின்ன நீள்சதுர மிஷின்களுக்கு வேறு கேஸ் கிடைக்காது. அவற்றுக்கு உதிரி அல்லது டப்பா என்ற இரண்டே வழி. டப்பாவில் வைப்பதானால் பஞ்சும் ரப்பர் பேண்டும் உள்ளே கூடாது: பஞ்சு இழை சக்கரத்தில் சிக்கும், ரப்பரின் கந்தகம் டயலைக் கறுக்கவைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மிஷினின் வரிசை எண், கேஸ் எத்தனை காரட், யாருடையது என்று எழுதிய சீட்டை மூடியின் வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள்.