விம் ஸ்கிரிப்டில் மெசேஜைக் காணோமா? எக்கோ, எக்கோஎம், ரைட்ஃபைல் ஓர் ஒப்பீடு

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் ஸ்கிரிப்டில், மெசேஜ் காட்டும் எக்கோ வரி ஒன்றைப் போட்டு ஓட்டினால் சில நேரம் கீழே ஒன்றுமே வராது. உடனே ஃபங்ஷன் ஓடவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது ஓடியிருக்கும். மெசேஜ்தான் வந்த வேகத்தில் அழிந்திருக்கும்.

எக்கோ திரையில் எழுதுவதோடு சரி, எங்கும் பதிவாகாது. ஃபங்ஷன் ஒரு புது விண்டோவைத் திறந்துவிட்டு 'முடிந்தது' என்று எக்கோ செய்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். விம் திரையை அப்போதே வரையாது, கமாண்டுகள் எல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடும். கடைசியில் வரையும்போது உங்கள் 'முடிந்தது' காணாமல் போகும். எக்கோவுக்கு முந்தைய வரியில் ரீட்ரா (திரையை உடனே வரையச் சொல்லும் கமாண்ட்) போட்டால், பாக்கி வேலை முதலில் முடிந்து மெசேஜ் நிற்கும். பயனருக்குக் காட்டும் சேதிக்கு இந்த ஜோடி போதும். பிழை தேட எக்கோவை நான் தொடவே மாட்டேன்.

அதற்கு எக்கோஎம் இருக்கிறது. திரையில் அழிந்தாலும் மெசேஜஸ் கமாண்ட் கொடுத்தால் பழையதெல்லாம் வரும். முன்பு 200 மெசேஜ்தான் நினைவில் நிற்கும். புதிய பதிப்புகளில் இயல்பாகவே 500. பெரிய லூப்புக்குள் போட்டால் ஆரம்பத்தில் வந்தவை வெளியே தள்ளப்படும். (ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டர்காரர்களுக்கு இந்தப் பாடு குறைவு: அங்கே மெசேஜ் ஃபங்ஷன் தானே 1000 வரி வரை ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும்.)

மெசேஜைப் பிழையாகக் காட்டும் எக்கோஎர் வேண்டாம். பிழைகளைப் பிடிக்கும் ட்ரை பிளாக்குக்குள் அது எக்ஸப்ஷனாக மாறி, ஸ்கிரிப்டின் போக்கையே திருப்பிவிடும்.

எக்கோஎம்மும் தோற்கும் இடம் சைலன்ட், அதாவது மெசேஜ் காட்டாமல் ஒரு கமாண்டை ஓட்டச் சொல்வது. ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியில் சைலன்ட் இருந்தால், உள்ளே போட்ட எக்கோஎம் திரைக்கும் வராது, மெசேஜஸிலும் சேராது. கூடவே ஆச்சரியக்குறி இருந்தால் பிழைச் செய்திகளும் வாயடைத்துப் போகும். அடுத்தவர் எழுதிய ப்ளகினை நோண்டும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். மேப்பிங்கின் (ஒரு கீயோடு கமாண்டை இணைப்பது) தலையில் வரும் சைலன்ட் வேறு. கமாண்ட் வரி தெரியாமல் மறைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

மெசேஜஸும் காலியாக இருந்தால், ஃபைலில் எழுதும் ரைட்ஃபைல் ஃபங்ஷன்தான். அப்பெண்ட் முறையில் (இருப்பதன் கடைசியில் சேர்ப்பது) ஒவ்வொரு வரியாக ஒரு ஃபைலில் எழுதவிட்டு, இன்னொரு டெர்மினலில், ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கமாண்டை ஓடவிடுங்கள். திரை, சைலன்ட் எதுவும் அதைத் தடுக்காது. வெர்போஸ்ஃபைல் ஆப்ஷனும் மெசேஜ்களை ஃபைலில் கொட்டும். ஆனால் அது பஃபரில் சேர்த்துவைத்து எழுதுவதால் வரிகள் தாமதமாக வரலாம். ஃபைல் காலியாகத் தெரிந்தால் விம்மை மூடிவிட்டு அந்த ஃபைலை ஒருமுறை திறந்து பாருங்கள்.