நிணநீர் வடிப்புச் சிகிச்சை: வீங்கிய கைக்கு எதைத் தரும், எதைத் தராது

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் கமக்கட்டு நிணநீர்க் கணுக்கள் (திசுக்களிலிருந்து வடியும் நீரான நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பின்னாளில் அந்தப் பக்கத்துக் கை வீங்குகிறது. எனக்கும் அவ்வாறே வலக்கை வீங்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே சில ஆண்டுகளாக, தேங்கிய நிணநீரைக் கையால் மெதுவாக நகர்த்தும் நிணநீர் வடிப்புச் சிகிச்சையைப் பெற்றுவருகிறேன். இதற்குச் செல்ல எண்ணியிருக்கும் பெண்களுக்காக, என் கை கண்டறிந்தவற்றை எழுதுகிறேன்.

மசாஜ் என்றவுடன் எங்கள் மனதில் எழுவது எண்ணெய் பூசி அழுத்திப் பிடிப்பதுதான். சித்த மருத்துவத்தின் தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகைப்படும். தோள் இறுகிப்போனவர்களுக்கும் இடுப்பு நோவு உள்ளவர்களுக்கும், பயிற்சி பெற்ற கைகளால் செய்யப்படும்போது அது நல்ல ஆறுதலைத் தருவதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஆனால் அது தசைக்கான சிகிச்சை. நிணநீரின் மெல்லிய நாளங்களோ தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. பலமாக அழுத்தினால் அவை நசுங்குமே தவிர நீரை நகர்த்த மாட்டா. “நல்லெண்ணெய் பூசி நல்லா உருவிவிட்டால் வத்திப்போம், பிள்ளை” என்று அயலிலுள்ள மூதாட்டி ஒருவர் அன்போடு சொன்னார். அந்த அன்பை ஏற்றுக்கொண்டேன். உருவுவதற்கு மட்டும் கையைக் கொடுக்கவில்லை.

நிணநீர் வடிப்பு முறையை 1930களில் பிரான்சில் பணியாற்றிய டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் உருவாக்கினார்கள். சிகிச்சையாளர் எண்ணெய் பூசுவதில்லை, ஏனெனில் கை வழுக்கக் கூடாது. உள்ளங்கையைத் தோலில் படிய வைத்து, தோலை மட்டும் அரைவட்டமாக மெதுவாக இழுத்து விடுகிறார். அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், முதல் தடவை செல்பவருக்கு எதுவுமே நடக்கவில்லை என்றுகூடத் தோன்றும். வீங்கிய கையையும் அவர் உடனே தொடுவதில்லை. கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியில் தொடங்கி, நோயில்லாத பக்கத்துக் கமக்கட்டு, மார்பு, முதுகு, வீங்கிய பக்கத்துக் கவட்டு எனச் சுற்றிவந்து, கடைசியிலேயே தோளுக்கும் கைக்கும் வருகிறார். உடல் முழுவதிலுமிருந்து சேரும் நிணநீர் ஈற்றில் கழுத்தடியிலுள்ள பெரிய நாளங்களிலேயே இரத்தத்தோடு கலக்கிறது. ஆகவே வாய்க்காலின் கடைமடையைத் திறந்துவிட்டுத்தான் மேலேயுள்ள நீரை இறக்க வேண்டும். இதயத்தைப் போன்ற தனி விசைப்பொறி நிணநீருக்கு இல்லாததால் நாளங்களின் சுருக்கமும், தசைகளின் அசைவும், ஆழ்ந்த மூச்சுமே அதை ஓட்டுகின்றன. வயிறு எழும்பும்படி மூச்சு விடுமாறு சிகிச்சையாளர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலேயே.

ஒரு தடவைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். எழும்பும்போது கை இலேசாகும், நித்திரை வரும், அன்றைக்குச் சிறுநீர் சற்றுக் கூடுதலாகப் போகும். பண்டேஜால் இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டுப் போடாமல் வீட்டுக்கு வந்தால் பின்னேரத்துக்குள் வீக்கம் பெரும்பாலும் திரும்பிவிடும். இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து சிகிச்சையையே கைவிடுகிறார்கள்.

என் அனுபவத்தில் இச்சிகிச்சையின் பெரும்பகுதி அந்தக் கட்டிலேயே தங்கியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், வீக்கத்தைக் குறைப்பதில் அழுத்தக் கட்டே முதன்மையானது என்றும், கையால் செய்யும் நிணநீர் வடிப்பு அதற்குமேல் ஓரளவு கூடுதல் பயனை, குறிப்பாக வீக்கம் கடுமையாகாதவர்களுக்கு, தரக்கூடும் என்றுமே கூறுகிறது. தொடக்கக் கட்டத்தில் விரல்களுக்குத் தனித்தனியாக மெல்லிய பண்டேஜ், அதன்மேல் பஞ்சு, அதற்கும்மேல் அதிகம் இழுபடாத பண்டேஜ் என அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். கட்டு இழுபடாததால், கையை அசைக்கும்போது தசை அந்தச் சுவரில் மோதி நீரை மேலே தள்ளுகிறது. கட்டிய கையைத் தொங்கவிட்டு இருப்பதால் பயனில்லை. வீட்டு வேலைகளை அளவோடு செய்ய வேண்டும்.

எங்கள் சித்திரை, வைகாசி வெக்கையில் அந்தக் கட்டோடு இருப்பது கடினமானது. வியர்க்கும், கடிக்கும், மீன் வெட்டும்போது மணம் பிடிக்கும். கிணற்றடியில் குளிக்கும்போது கட்டை நனையாமல் காப்பது தனி வேலை. இரண்டு தொகுதிப் பண்டேஜ்களை வைத்திருந்து, ஒன்றை மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் உலரவிடுவதே எனக்குச் சரிவந்தது. வீக்கம் குறைந்து அளவு நிலைத்த பின்னர் கட்டுக்குப் பதிலாக, கையில் மாட்டும் இறுக்கமான அழுத்த உறையை அணியலாம். அதற்கு முன்னரே அளவெடுத்து வாங்கினால் உறை பின்பு தொய்ந்துவிடும். வெளிநாட்டு உறவினர்களிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாள்தோறும் அணிந்தால் ஆறு மாதமளவில் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும் என்பதால், செலவு ஒரு தடவையோடு முடிவதில்லை.

பாரம் தூக்கவே கூடாது என்று முன்பு சொல்வார்கள். சிறிய பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை என்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. நானும் இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்டின்) மேற்பார்வையில் அவ்வாறே தொடங்கினேன். தோள் பலம் திரும்பியது இதனால்தான் என்று நம்புகிறேன்.

தோலைக் காப்பதும் சிகிச்சையே. பூக்கன்றின் முள்ளோ கத்திக் கீறலோ சிறியது என்று விடக் கூடாது. கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. வடிப்பை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளத்தில் இரத்தக்கட்டி உள்ளவர்களும், கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது. திடீரென வரும் வீக்கத்துக்கு நோய் திரும்பியதும் காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இது யானைக்காலா, தொற்றுமா என்று கேட்டவர்களும் உண்டு. அது நுளம்பு பரப்பும் புழுவால் வருவது; பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. என் கை யாருக்கும் எதையும் ஒட்டாது.

உடல் மெலியும், நச்சு வெளியேறும் என்று விளம்பரம் செய்து இதே பெயரில் நடத்தப்படும் மசாஜுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நகர்வது நீர் மட்டுமே. கொழுப்பு இதனால் கரையாது.

என் இரு கைகளும் இன்றும் ஒரே அளவல்ல. ஆனால் சட்டைக் கை இறுக்கமின்றி ஏறுகிறது, காப்புப் போட முடிகிறது, இரவில் பாரம் நித்திரையைக் குலைப்பதில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் செல்பவர்கள், மோதிரம் இறுகத் தொடங்கும்போதே மருத்துவரிடம் சொல்லி இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். தனியாரிடம் செல்வதானால், உங்கள் நோய் வரலாற்றைக் கேட்காமலும், இரு கைகளையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளாமலும் வேலையைத் தொடங்குபவரிடம் கையை நீட்டாதீர்கள்.