வன்னியின் நலிவு வரைபடம்: புள்ளிவிபரமா, ஊர்க்கூட்டமா?

அனர்த்தம் வந்தால் யார், எங்கே அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று காட்டுவது நலிவு வரைபடம். அதற்கு இலங்கையின் வடக்கே வன்னியில் இரண்டு வழிகள். கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் குடிசன மதிப்பீட்டு எண்களில் சுட்டெண் (பல வீதங்களைச் சேர்த்த ஒற்றை எண்) போடுவது மலிவு. கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளைத் தொகையாக அல்லாமல் வீதமாக எடுத்து, 0 முதல் 1 வரையான அளவுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். திசையையும் பாருங்கள்: கல்வி கூடினால் நலிவு குறையும். அதை 1இலிருந்து கழிக்காமல் கூட்டினால் அந்தக் கூறு தலைகீழாகி வரைபடமே பிழையாகும். 2012 தரவை இன்னும் பாவிப்பது வேறு பிழை. கணக்கெடுப்பு மார்ச்சில், போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதோ அதே ஆண்டு செப்டெம்பரில். கடைசியாக அங்கே இருந்தோர் வெளியேறும் முன்பே எண்ணி முடித்துவிட்டார்கள்.

பெரிய ஓட்டை சராசரி. வீதியோரக் கல்வீடுகளும் குளத்தின் கீழ்ப்பக்கத் தகரக் கொட்டில்களும் ஒரே பிரிவில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நிறம்தான்.

ஊர்க்கூட்டம் அதைப் பிடிக்கும். பொதுநோக்கு மண்டபத்தில் தாளை விரித்து முதலில் குளம், வாய்க்கால், வீதி, பிறகு வீடுகள். 2018 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று நீலக்கோடு போடச் சொன்னால் வாக்குவாதம் தொடங்கும், அதுதான் தரவு. பெண்களைத் தனியாக இருத்துங்கள், இல்லாவிட்டால் ஊர்ச் சங்கத் தலைவர்தான் வரைவார். தனியே வாழும் பெண்ணின் வீடு அடையாளமிடப்பட்ட தாளைச் சுவரில் ஒட்டவே கூடாது.

முழு மாவட்டத்துக்கும் கூட்டம் வைக்க நாள் போதாது. சுட்டெண்ணில் மேலே வரும் பிரிவுகளோடு நடுவில் வரும் இரண்டையும் சேருங்கள். கொட்டில்கள் ஒளிந்திருப்பது அங்கேதான்.