பட்டர் ஃப்ரூட்டா, முந்திரியா? அடுப்பில்லாத ஆரஞ்சு சாக்லேட் இனிப்பு

பால், தேன், அடுப்பு மூன்றும் இல்லாமல் ஆரஞ்சு சாக்லேட் இனிப்பு செய்ய இரண்டு வழி. இரண்டையும் சென்னை வெயிலில் செய்து பார்த்துவிட்டேன்.

பட்டர் ஃப்ரூட் வழி சோம்பேறிகளுக்கானது. நன்றாகக் கனிந்த பழம் ஒன்று, ஊறவைத்த பேரீச்சை 6, கோகோ பவுடர் 3 ஸ்பூன், ஆரஞ்சுச் சாறு 2 ஸ்பூன், எல்லாம் மிக்ஸியில் ஒரு சுற்று, கிண்ணத்தில் வழித்தால் முடிந்தது. பழம் சரியாகப் பழுக்காவிட்டால் கசக்கும், எவ்வளவு பேரீச்சை போட்டாலும் மறையாது.

முந்திரியை 4 மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸி சூடாகாமல் விட்டு விட்டு அரைக்க வேண்டும். இறுகுவதற்குத் தேங்காய் எண்ணெய். சிக்கலே அங்கேதான், அது 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஹாலுக்குக் கொண்டுபோய் "யாருக்கு வேணும்?" என்று கேட்பதற்குள் துண்டின் ஓரம் பளபளவென்று வியர்த்து, மெதுவாகத் தட்டில் சரிந்தது. எண்ணெய் முழுவதற்கும் பதில் கோகோ வெண்ணெய் போட்டால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், விலைதான் கடிக்கும். இன்னொன்று, கடையில் வறுக்காததாக விற்கும் முந்திரியும் பெரும்பாலும் ஓடு உடைக்க ஆவி காட்டியதுதான். சூடே படாத 'பச்சை' உணவுதான் வேண்டும் என்று கறாராகப் பார்ப்பவர்கள், வறுக்காத கோகோ பவுடரோடு பட்டர் ஃப்ரூட் பக்கமே வந்துவிடுங்கள்.

ருசி என்றால் முந்திரிதான், அதிலும் வெள்ளைப் பகுதி படாமல் துருவிய ஆரஞ்சுத் தோல் சேர்த்தால் வாசனை தூக்கும். ஆனாலும் மே மாதம் விருந்தாளி வந்தால் நான் கிண்ணத்தைத்தான் நீட்டுவேன்.