அட்டனில் தங்க: அத்தை வீடா, லாட்ஜா?

போன மார்கழியில் இலங்கையின் தேயிலை மலையூரான அட்டனில் ஐந்து ராத்திரி இருந்தேன். மூன்று அத்தை வீட்டில், இரண்டு லாட்ஜில். அம்பாசமுத்திரம் வந்ததிலிருந்து ‘சிலோன்ல எங்களுக்கும் ஆளுக இருக்காவ, அங்கயே தங்கிரலாமா?’ என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அத்தை என்றால் கூடப் பிறந்த அத்தை இல்லை. தாத்தாவின் பெரியப்பா மகனுக்கு மகள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்தார்களே, அதில் எங்க தாத்தா இந்தப் பக்கம் விழுந்தார், அந்தப் பெரியப்பா மகன் அந்தப் பக்கம். நடுவில் பத்துக் கடிதாசி வந்திருந்தால் அதிகம்.

வீட்டில் தங்கினால் காசு மிச்சம் என்று நினைக்காதீர்கள். அல்வா, உடன்குடி கருப்பட்டி, ஆளுக்கொரு சேலை என்று இங்கேயே பை நிறைந்துவிடும். நான் மூன்று சேலை கொண்டுபோனேன். அங்கே இரண்டாவது மருமகள் ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாது. அத்தை தனக்கு வந்ததை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. சாதாரண ரூம் கணக்குப் பார்த்தால் லாட்ஜ் அப்படியொன்றும் கையைக் கடிக்காது.

குளிர்தான் பெரிய விஷயம். அட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். லாட்ஜில் குழாயைத் திருப்பினால் வெந்நீர். வீட்டில் காலை ஐந்து மணிக்கே விறகடுப்பில் தகரத்தை ஏற்றி, ஒரு வாளி விளாவி வைத்து, அத்தை கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “தம்பி, தண்ணி காணுமா?” என்றார்கள். காணுமா! போதுமா என்பதற்கு எங்க ஆச்சி சோறு போடும்போது கேட்பாளே, அதே சொல். ஈரத்தோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். லாட்ஜ் பையன் “ஹாட் வாட்டர் ஓகேயா சார்?” என்றான், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் போட்டியே கிடையாது. பௌர்ணமி அன்றைக்கு அங்கே இறைச்சிக் கடை, சாராயக் கடை எல்லாம் அடைப்பு. லாட்ஜில் பருப்பும் பாணும்தான், பாண் என்றால் நம்ம பிரெட். அத்தை வீட்டில் முந்தின நாளே கோழி வாங்கி வைத்திருந்தார்களாம். மறுநாள் போய்ச் சொன்னபோது தெரிந்தது.

சிவனொளிபாதமலை (ஆதம்ஸ் பீக்) என்கிற யாத்திரை மலை ஏறத்தான் போகிறீர்கள் என்றால் வீடு சரிப்படாது. விடியலை உச்சியில் பார்க்க நடுராத்திரி தாண்டினதும் ஏற ஆரம்பிக்கணும், 5,000 படிக்கு மேல். நீங்கள் கிளம்ப, வீடே முழித்து ரொட்டியும் கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் கட்டிக்கொண்டு நிற்கும். அட்டன் லாட்ஜும் இதற்கு லாயக்கில்லை. மலையடிவாரம் நல்லதண்ணி, பஸ்ஸில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ரூமை அங்கேயே போடுங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரைக்கும்தான் சீசன்.

இன்னொன்று, விசா விண்ணப்பத்தில் தங்குமிட முகவரி கேட்பான். அத்தை முகவரியில் தேயிலைத் தோட்டத்துப் பேரும், அதில் எந்தப் பிரிவு என்கிற டிவிஷனும்தான், தெருவும் கதவிலக்கமும் கிடையாது. அங்கே லாட்ஜ் முகவரிதான் கைகொடுத்தது.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும், ஆனால் முதலில் லாட்ஜ், அப்புறம் வீடு. மலை ஏறி காலை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டில் போய் விழுந்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட ஆள் இருக்கும். நான் மாற்றிச் செய்து கெடுத்தேன். நாலாம் நாள் பையைத் தூக்கியபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை, வாசல் வரை வந்தார்கள். பஸ் லாட்ஜ் வாசலுக்கு வருவதற்குள் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா போன்.

“ஏல, நம்ம வீட்டுச் சோறு புள்ளைக்கு ஒத்துக்கிடலையாண்ணேன்னு அவ அழுதா. என்னல பண்ணித் தொலைச்ச?”